ஜீப்பில் இடித்தது அடியா?

மூளை சுருங்கிவிட்டது என்று ஒருத்தியைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிட்டால், அதற்குப் பிறகு குழம்பில் உப்புக் குறைச்சல் என்று அவள் சொன்னால்கூட யாரும் நம்ப மாட்டார்கள். நான் அப்படிக் கொஞ்ச காலம் இருந்து பார்த்துவிட்டேன். இப்போது தலையில் முடி முளைத்துவிட்டது. இடது கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஆனால் அலுப்பு மட்டும் போகவில்லை. காலையில் எழுந்து வாசல் தெளிப்பதற்குள் ஒரு நாள் முழுக்க வேலை பார்த்த களைப்பு வந்துவிடுகிறது. மத்தியானம் படுத்தால் தூக்கமும் வருவதில்லை. அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். எங்கள் ஜீப்பில் வரும் பெண்கள் ஆளாளுக்கு வந்து என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இனிமேல் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

என் பெயர் முருகேஸ்வரி. கம்பத்துக்குப் பக்கத்தில் ஊர். பத்தாவது வரை படித்தவள். மலைக்கு மேலே, கேரளப் பக்கம் இருக்கும் ஏலத்தோட்டம் ஒன்றில் கங்காணி வேலை. பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காய் எடுக்கவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். விடிவதற்கு முன்பே ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். எத்தனை பேர் ஏற வேண்டுமோ அதற்கு இரண்டு மடங்கு ஏறுவோம். மலையேறும் கம்பம் மேட்டு வளைவுகளில் அது குதிக்கும்போது மேலே இருக்கும் இரும்புக் கம்பியில் தலை இடிக்கும். கங்காணி என்று எனக்குத் தனி இருக்கையா போட்டு வைத்திருக்கிறார்கள்? பின்னால், கதவோரம்தான். அங்கே உட்கார்ந்தால் குலுக்கல் அதிகம். ஒரு வளைவில் ஒருத்தி தலை இடித்தால் அடுத்த வளைவில் இன்னொருத்தி தலை இடிக்கும். இடித்தவளைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்போம். தோட்டத்துக்குப் போனதும் மறந்துவிடுவோம்.

ஆடி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. முதலில் தைலம் தேய்த்தேன். பிறகு மாத்திரை. கண்ணாடிக் கடைக்காரர் பவர் மாறியிருக்கிறது என்றார். அதையும் மாற்றினேன். தலைவலி மட்டும் மாறவில்லை. கம்பத்தில் ஒரு டாக்டரிடம் என் மகன் பிரபு கூட்டிக்கொண்டு போனான். அவர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார். வாந்தி இருக்கிறதா, பார்வை மங்குகிறதா, கீழே விழுந்தீர்களா, தலையில் அடி ஏதாவது பட்டதா. இல்லை என்றேன். சத்தியமாக இல்லை என்றுதான் நினைத்தேன். எதற்கும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டில்தான் வந்தது வினை. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, கட்டி இல்லை, ரத்தக் கசிவு இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை, மூளை லேசாகச் சுருங்கியிருக்கிறது, அது வயதுக்கு ஏற்றதுதான், தலைவலி நிற்காவிட்டால் திரும்ப வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்ன ஆறில் பிரபுவின் காதில் ஒன்றுதான் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் செல்போனில் தேடினான். மூளை சுருங்கினால் மறதி வரும், ஆளை அடையாளம் தெரியாது, பேச்சுப் போகும் என்று என்னென்னவோ போட்டிருந்ததாம். அவன் முகம் செத்துப்போயிற்று. மருமகள் சத்யா அன்றிலிருந்து அடுப்புப் பக்கம் என்னை விடவில்லை. அத்தை கேஸைத் திறந்துவிட்டு மறந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கருப்பையா செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டார்.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கு ஒரு ஏக்கர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. பழைய கொடியைக் கழித்துக் கவாத்து என்றைக்கு வெட்டுவது, மருந்து எப்போது அடிப்பது, யாரைக் கூலிக்குக் கூப்பிடுவது என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களுக்குள் தினமும் வாய்ச்சண்டைதான். நான் கிழக்கு என்றால் அவர் மேற்கு என்பார். அப்படிப்பட்ட மனிதர், ஸ்கேன் எடுத்து வந்த பிறகு, நான் என்ன சொன்னாலும், சரி ஆத்தா என்கிற மாதிரி, மறுபேச்சில்லாமல் "சரித்தா" என்றார். வேண்டுமென்றே ஒரு நாள், இந்த வருடம் கவாத்தே வெட்ட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கொடி வளர்க்கிற எவனும் காதில் வாங்காத பேச்சு அது. அதற்கும் சரித்தா என்றார். இந்த மனிதர் என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த சில வாரங்களில் எனக்கு உண்மையாகவே ஒவ்வொன்றாகத் தப்பியது. ஏலக்காய் மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தபோது பாதியில் எண் மறந்தது. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினேன். இடது கையில் பிடித்த டம்ளர் நழுவியது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் மூளை சுருங்கிவிட்டதே, இப்படித்தானே ஆகும்? நானும் அப்படியே நம்பினேன். டாக்டர் திரும்ப வரச் சொன்னது எங்கள் யாருக்குமே ஞாபகம் இல்லை. ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டால் அதற்குமேல் தேட மாட்டோம் போலிருக்கிறது.

ஒரு நாள் வாசலில் நடக்கும்போது இடது காலிலிருந்து செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அது கழன்றதே எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் அதை எடுத்து மாட்டிவிட்டார். நாலு எட்டு வைத்தேன், மறுபடியும் கழன்றது. மூன்றாவது தடவை அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அன்று சாயங்காலமே கார் பேசிவிட்டார். பெரியாஸ்பத்திரியிலும் இதையேதான் சொல்லப்போகிறார்கள், எதற்கு வீண் அலைச்சல் என்றான் பிரபு.

"அவுக சொல்லட்டும்ப்பா. அவுக வாயால சொல்லிக் கேட்டுட்டு நான் பாட்டுக்குக் கூட்டிட்டு வந்துர்றேன்" என்றார் இவர்.

தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது பாதி ஞாபகம், பாதி மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. சக்கர நாற்காலி கிடைக்கும்வரை சத்யா என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு வராந்தாவில் நின்றாளாம். அங்கேயும் தலையில் அடி பட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றுதான் வீட்டுக்காரரும் சொன்னார். ஸ்கேன் எடுத்த பிறகு கூட்டமாக டாக்டர்கள் வந்தார்கள். மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே, வலது பக்கத்தில், ரத்தம் தேங்கி நிற்கிறது, அது மூளையை அமுக்கிக்கொண்டிருக்கிறது, உடனே துளை போட்டு எடுக்க வேண்டும் என்றார்கள். வலது பக்கம் அமுக்கினால் இடது கை கால்தான் விழுமாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நினைவு தப்பி அப்படியே போயிருப்பேன் என்று பிறகு சொன்னார்கள்.

தலையை மழித்தார்கள். முழு மயக்கம் கொடுக்கவில்லை. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். துளை போடும் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்டது. பக்கத்துத் தோட்டத்தில் போர்வெல் போடுகிற மாதிரி ஒரு சத்தம். வலி இல்லை, பயம்தான். குலதெய்வத்தைக் கூப்பிட நினைத்தேன், வாயில் பெயர் வரவில்லை. வெளியே வந்த ரத்தம் பழைய என்ஜின் ஆயில் மாதிரிக் கறுப்பாக இருந்ததாக டாக்டர் வீட்டுக்காரரிடம் சொன்னார். நியூட்ரினோ ஆராய்ச்சிக்காகப் பொட்டிப்புரம் மலையைக் குடையப்போகிறார்கள் என்று வருடக்கணக்காகப் பேச்சுதான் நடக்கிறது, என் மண்டையை அரைமணி நேரத்தில் குடைந்துவிட்டார்கள் என்று மறுநாள் சத்யாவிடம் சொன்னேனாம். அவள் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். தெளிவாக நான் பேசிய முதல் பேச்சு அதுதானாம்.

அதற்குப் பிறகான நாட்கள்தான் அலுப்பு. தலையிலிருந்து ஒரு குழாய் பைக்குள் சொட்டிக்கொண்டிருக்கும். தலையணை கூடாது, மட்டமாகப் படுக்க வேண்டும். விட்டத்தில் சுற்றும் மின்விசிறியை எத்தனை நேரம் பார்ப்பது? பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமுவார். அவர் நிறுத்தினால் அடுத்தவர் ஆரம்பிப்பார். ஆபரேஷனுக்குக் காசு கேட்கவில்லை என்றாலும், காருக்கும் டீக்கும் வெளியில் வாங்கும் பஞ்சு மருந்துக்கும் என்று கரைந்துகொண்டே இருந்தது. சத்யா கழுத்துச் சங்கிலியைக் காணோம். கேட்டால், ஆஸ்பத்திரியில் எதற்கு என்று கழற்றி வைத்துவிட்டதாகச் சொன்னாள்.

ரத்தத்தை எடுத்த பிறகு அந்த இடம் காலியாக இருக்கும், மூளை மெல்ல விரிந்து அதை நிரப்ப வேண்டும், அதற்கு பலூன் ஊதுங்கள் என்றார்கள். மூச்சைப் பிடித்து ஊதினால் உள்ளே அழுத்தம் கூடி மூளை விரிய உதவுமாம். சத்யா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். முதல் நாள் என்னால் எலுமிச்சம்பழம் அளவுக்குக்கூட ஊத முடியவில்லை. வீட்டுக்காரர் எனக்கு எதிரே உட்கார்ந்து அவரும் ஒரு பலூனை ஊதினார். பீடி குடித்த நெஞ்சு, அவருக்கு இருமல்தான் வந்தது. ஆனாலும் விடவில்லை. வார்டு முழுக்க எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டில் கம்பியில் பலூன்களைக் கட்டி வைத்தோம். யாருக்கும்மா பிறந்தநாள் என்று கேட்டுவிட்டுப் போனார் ஒரு சிஸ்டர்.

குழாயை எடுத்த பிறகு சின்ன டாக்டரம்மா ஒருவர் வந்தார். மேல்படிப்புப் படிக்கிறவர், வேறு ஊர்க்காரர். வயதாகி மூளை சுருங்கியவர்களுக்கு இப்படி ரத்தம் தேங்குவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம். என் ஸ்கேனையும் அதில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள் என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முற்றிய தேங்காய் கொப்பரையாகும்போது சுருங்கிச் சிரட்டையை விட்டு விலகும், ஆட்டினால் உள்ளே உருளும், அதைப் பார்த்திருப்பீர்களே என்றார். வயதான மூளையும் கொஞ்சம் அப்படித்தானாம். மூளையிலிருந்து மேலே இருக்கும் உறைக்குப் போகிற மெல்லிய ரத்தக் குழாய்கள், மூளை விலக விலக, இழுத்துக் கட்டிய நூலாக விறைத்து நிற்கும். லேசாக ஒரு அடி பட்டால் போதும், ஏதாவது ஒன்று கிழிந்து கசிய ஆரம்பிக்கும். அன்றைக்கே ஸ்கேன் எடுத்தால்கூடச் சில சமயம் தெரியாது. வாரக்கணக்கில் சேர்ந்துதான் அமுக்கும்.

"அப்ப சுருங்குனதுதான் என்னைக் கெடுத்துச்சு" என்றேன்.

"அப்படியும் சொல்லலாம். இன்னொண்ணும் இருக்கும்மா. உங்க மண்டைக்குள்ள கொஞ்சம் இடம் இருந்ததாலதான் இவ்வளவு ரத்தத்தைத் தாங்கிட்டு இத்தனை நாள் நடமாடினீங்க. சின்ன வயசுக்காரங்களுக்கு இந்த அளவு சேர்ந்திருந்தா எப்பவோ விழுந்திருப்பாங்க" என்றார் அவர்.

கெடுத்ததும் அதுதான், காப்பாற்றியதும் அதுதான் என்றால் அதைத் திட்டுவதா கும்பிடுவதா? சுருங்குவது எல்லாமே நோய் இல்லை என்றார் அவர். நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு சுரப்பி இருக்கிறதாம். கிருமியோடு சண்டை போடும் அணுக்களைப் பழக்கிவிடுவதுதான் அதன் வேலை. சின்ன வயதில் பெரிதாக இருக்கும், வளர வளரச் சுருங்கிவிடும். எல்லோருக்கும் அப்படித்தான். அது ஏன் சுருங்குகிறது, சுருங்காமல் வைக்க முடியுமா என்று உலகத்தில் பல இடங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். பிள்ளை பெற்ற வயிறு சுருங்காவிட்டால்தானே ஆபத்து என்று நான் கேட்டேன். சரியாகச் சொன்னீர்கள், சுருங்காவிட்டால் ரத்தப்போக்கு நிற்காது என்றார். பிறகு என் போர்வையை விலக்கித் தொடையைத் தொட்டுக் காட்டினார். இடது தொடை வலதைவிட மெலிந்து தொளதொளவென்று கிடந்தது. படுத்தே கிடந்தால் சதை சில நாளிலேயே சுருங்க ஆரம்பித்துவிடும், ஆனால் நடக்க நடக்கத் திரும்ப வரும், அதனால் நாளையிலிருந்து எழுந்து நடக்க வேண்டும் என்றார். அசையாமல் படுங்கள் என்று அதுவரை அன்பாக அமுக்கிக்கொண்டிருந்த சத்யாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எனக்கு வேண்டியதை அப்போது கேட்டேன். மூளை இனிமேல் பழையபடி வருமா, இல்லை இன்னும் சுருங்கி நான் எல்லாவற்றையும் மறந்துவிடுவேனா? வீட்டுக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

டாக்டரம்மா மழுப்பாமல் சொன்னார். சுருங்கினது சுருங்கினதுதான், அது பெரும்பாலும் திரும்பாது. ஆனால் அளவு வேறு, அறிவு வேறு. நிறையச் சுருங்கியும் தெளிவாக இருப்பவர்கள் உண்டு, அவ்வளவாகச் சுருங்காமலே தடுமாறுகிறவர்களும் உண்டு. உங்களுக்கு வந்த மறதியும் தூக்கமும் அந்த ரத்தம் அமுக்கியதால் வந்தவை, அது போய்விட்டது. இனி எப்படி இருக்கும் என்று கேட்டால், "ஆராய்ச்சி கூட்டத்துக்குத்தான் சொல்லும்மா. ஆளுக்குச் சொல்லாது. உங்களுக்கு எப்படின்னு எனக்கு உண்மையிலேயே தெரியாது" என்றார். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வார்த்தை ஏனோ எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிறகு கேள்விகளை வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அடி பட்டதா என்றார். இல்லை என்றேன். எழுதிக்கொண்டார். எழுந்து போகப்போனவர், சும்மா பேச்சுக்கு, எப்போது வேலைக்குப் போகப்போகிறீர்கள் என்று கேட்டார். அந்த ஜீப்பில் தலை இடிக்க இடிக்கப் போய்வரத் தெம்பு வேண்டுமே என்றேன்.

அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

"தலை இடிக்குமா? எதுல?"

"மேல இருக்க கம்பியிலதான். எல்லாருக்கும் இடிக்கும்."

"இத ஏம்மா சொல்லல? எத்தனை தடவ கேட்டோம்?"

"அடி பட்டுச்சான்னுதான கேட்டீக. இது ஜீப்புல இடிக்கிறதுதான, தாயி. இது அடியா?"

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். மறுநாள், எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து இதே மாதிரி ரத்தம் தேங்கி வந்திருந்த பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டு, மலைக்கு ஜீப்பில் போகிற வேலையா என்று கேட்க ஆரம்பித்துவிட்டதாக சிஸ்டர் சொன்னார். அதனால்தான் இதைப் படிக்கிற பெண்களுக்குச் சொல்கிறேன். அது அடிதான். தலைவலி நிற்காவிட்டால், கை கால் சொன்னபடி கேட்காவிட்டால், ஜீப்பில் இடித்தேன் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். என்னைப் போல நல்ல பிள்ளையாக, அடியே படவில்லை என்று சொல்லாதீர்கள்.

வீட்டுக்கு வந்தேன். மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, வீரபாண்டிக் கோயிலுக்கு மொட்டை வேண்டுதலா, சித்திரைத் திருவிழா போய்விட்டதே என்று பாதிப் பேர் கேட்டார்கள். நடக்கப் பழகினேன். முதலில் சுவரைப் பிடித்து, பிறகு சத்யா கையைப் பிடித்து, பிறகு சும்மா. திரும்ப ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் சுத்தமாக இல்லை, மூளை முக்கால்வாசி விரிந்துவிட்டது, கொஞ்சம் இடைவெளி இருக்கத்தான் செய்யும் என்றார்கள். பிரபு இந்தத் தடவை செல்போனை எடுக்கவில்லை.

ஆனால் வீட்டில் எதுவும் மாறவில்லை. நான் எழுந்தால் நாலு கை பிடிக்க வரும். டி.வி.யில் யாராவது சாகிற காட்சி வந்தால் சேனலை மாற்றிவிடுவார்கள். தெருவில் ஒரு துக்கம் நடந்தது, எனக்குச் சொல்லாமலே போய்விட்டு வந்து கொல்லைப்புறமாகக் குளித்துவிட்டு வந்தார்கள். வீட்டுக்காரர் இன்னமும் சரித்தா, சரித்தா என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்கேனில் தேறிவிட்டேன், இவர்களிடம் தேறவில்லை. சில நாள் கொல்லைக்குப் போய்த் தனியாக அழுதேன்.

போன வாரம் ஜீப்காரர் போன் செய்தார். காய் நிறைய நிற்கிறதாம், கங்காணி இல்லாமல் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் போகிறார்களாம், முன் சீட்டையே தருகிறேன் என்றார். இப்போதைக்கு ஜீப்பே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்கும் தெரியும். ஆனாலும் மறுநாள் விடிகாலையில் சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்று, போகிறேன் என்றேன். பிரபு, அம்மா விடும்மா என்று மெதுவாக ஆரம்பித்தான். வீட்டுக்காரர் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் சரித்தா சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

தட்டைத் தரையில் வைத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"போடி. போ. முன் சீட்டு என்ன, டிரைவர் மடியிலயே ஒக்காந்து போ. ஒருக்கா பட்டது பத்தல ஒனக்கு. சொன்ன சொல்லக் கேட்டுருக்கியா என்னைக்காச்சும்? போய் அந்த மேட்டுலயே செத்துத் தொல. நான் தூக்க வரமாட்டேன்."

சத்யா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பிரபு அவர் வாயைப் பொத்தப் போகிறவன் மாதிரி எழுந்துவிட்டான். சாவு என்ற வார்த்தை அந்த வீட்டில் எத்தனையோ மாதமாக யார் வாயிலும் வரவில்லை. சாகப்போகிறவளைப் பார்த்து எந்தப் புருசன் அதைச் சொல்லுவான்? எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதைக் காட்டிவிட்டால் அவர் மறுபடியும் சரித்தா என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன்.

"நீங்க தூக்கலேன்னா நான் கெடந்து நாறிருவேனோ? ஒங்களக் கட்டிட்டு வந்த நாள்ல இருந்து நீங்க என்னத்தத் தூக்கிக் கிழிச்சீக?" என்றேன்.

அவர் பதில் சொன்னார். நான் அதற்குப் பதில் சொன்னேன். வாசலில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது, இன்னொரு தடவை அடித்தது, பிறகு போய்விட்டது. வெயில் ஏறிவிட்டது, பிரபு வேலைக்குக் கிளம்பிவிட்டான், சத்யா எங்கள் இரண்டு பேருக்கும் தட்டில் இட்லி வைத்துவிட்டுப் போனாள். நாங்கள் இன்னும் முடிக்கவில்லை.